இரண்டாவது பஞ்சு

பல்லைப் பிடுங்குவது என்று ஊர் முழுக்கச் சொல்கிறதே தவிர, அங்கே யாரும் எதையும் பிடுங்குவதில்லை. டாக்டரம்மா குறடால் பல்லைக் கவ்விப் பிடித்து, கன்னத்துப் பக்கம் கொஞ்சம், நாக்குப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துக்கொண்டே இருந்தார். நட்ட கம்பத்தைத் தோண்டாமல் எடுக்கப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சாய்ந்த நாற்காலியில் கிடந்த லிஃப்ட்காரனுக்கு வலி இல்லை. கீழ்த்தாடைக்குள் யாரோ பீரோவை நகர்த்துவது போல ஓர் அழுத்தம் மட்டும் இருந்தது. அது காது வரைக்கும் கேட்டது.

“அழுத்தம் இருக்கும். வலி இருக்கக் கூடாது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க, இன்னொரு ஊசி போடறேன்,” என்றார் டாக்டரம்மா.

“அவன் தூக்க மாட்டான் டாக்டர்,” என்றாள் எதிர்ப்பக்கம் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் தங்கை. “உயிரே போனாலும் சத்தம் போடாம போறவன். எங்க வீட்ல இவனுக்கு ஊமைக்கோட்டான்னுதான் பேரு.”

முகமூடிக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. அவள் சிரித்து அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

கடைசியில் காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். தலைக்குள்ளேயே எங்கோ ஒடிந்தது. “அவ்வளவுதான், வந்துடுச்சு,” என்று டாக்டரம்மா சொல்லும்போதே தட்டில் டக்கென்று விழுந்தது. அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். வேர் இரண்டையும் அகட்டிக்கொண்டு, காலை விரித்து நிற்கிற ஒரு சின்ன மனுஷன் மாதிரிக் கிடந்தது பல். இத்தனை நாள் ஆட்டிப்படைத்தது இதுதானா என்று இருந்தது.

நாள் குறித்தது தங்கைதான். ஒரு வாரத்துக்கு முன்பு ஒரே ஒரு பையோடு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவன் கன்னம் பந்து மாதிரி வீங்கிக் கிடந்தது. அவள் தன் கதையைச் சொல்வதற்கு முன்னால் டார்ச் அடித்து அவன் வாய்க்குள் பார்த்தாள். வீக்கத்தோடு எடுத்தால் மரத்துப்போகிற ஊசி சரியாகப் பிடிக்காது என்று, முதலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீக்கத்தை வடிய வைத்தாள். பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, ரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா என்று டாக்டரம்மா கேட்பதற்கு முன்னால் அவளே எல்லாம் கேட்டு முடித்தாள். வெறும் வயிற்றோடு கிளம்பப் பார்த்தவனைக் காலையில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தாள்.

“இன்னிக்குக் காலையிலயே எடுத்துட்டா சாயந்தரத்துக்குள்ள நல்லாப் பேசலாம்ணா,” என்று சொல்லியிருந்தாள். “வலியோட உக்காந்திருந்தா உனக்கு வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. உன்னை எனக்குத் தெரியாதா?”

சாயந்தரம் அவள் புருஷன் அவளை அழைத்துப் போக வருவதாக இருந்தது. பேசி முடித்து வைக்கப் பெரியப்பாவும் வருகிறார். அப்பா அம்மா போன பிறகு குடும்பத்தில் எது என்றாலும் அவர் சொல்தான். தங்கை சொல்வது ஒன்றே ஒன்று: புருஷன் ராத்திரி வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறான்; அவள் உள்ளே இருக்கிறாள். அவன் சொல்வதும் ஒன்றே ஒன்று: அப்படி எதுவும் கிடையாது. இரண்டு பேர் சொல்லுக்கும் நடுவே ஒரே ஓர் ஆள்தான் உண்டு. பூட்டைக் கண்ணால் பார்த்தவன் லிஃப்ட்காரன்.

டாக்டரம்மா பஞ்சை மடித்துக் குழியின் மேல் வைத்தார். தங்கை தினமும் எல்லோருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னாள்.

“நல்லா அழுத்திக் கடிச்சுக்கோ. ஒரு மணி நேரம் போல. அதுவரைக்கும் பேசாதே. துப்பாதே, எச்சிலை முழுங்கிடு. அப்புறம் எடுத்துப் போட்டுடலாம். இன்னிக்கு முழுக்க வாய் கொப்பளிக்காதே. சூடா எதுவும் வேண்டாம். ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சாதே. உதடு மரத்திருக்கும்போது கடிச்சுக்காதே. பீடி சிகரெட்டு உனக்குக் கிடையாது, நல்லதாப் போச்சு.” பிறகு ஒரு சின்னக் கவரை அவன் சட்டைப் பையில் செருகினாள். “இதுல இன்னொரு பஞ்சு இருக்கு. திரும்ப ரத்தம் வந்தா மட்டும், நனைச்சுப் பிழிஞ்சு மடிச்சு வெச்சுக்கோ. வரலைன்னா தொடாதே.”

அவன் தலையாட்டினான். மரத்துப்போன உதடு அவனுடையது இல்லை என்பது போலத் தொங்கியது.

*

மத்தியானத்துக்குள் ரத்தம் நின்றுவிட்டது. பஞ்சை எடுத்தபோது மங்கின சிவப்பில் ஒரு திட்டு மட்டும் இருந்தது. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தான். பல் இருந்த இடத்தில் கருஞ்சிவப்பாக ஏதோ உறைந்து குழியை மூடியிருந்தது. மனைவியிடம் தண்ணீர் கேட்டான். குரல் சரியாகத்தான் வந்தது. கொஞ்சம் குழறல், அவ்வளவுதான்.

“சாயந்தரம் என்ன சொல்லப் போறீங்க?” என்றாள் மனைவி.

“பார்த்ததைச் சொல்ல வேண்டியதுதான்.”

“சொல்லிடுங்க. மென்னு முழுங்காதீங்க. வீடு சின்னதுதான், இல்லைங்கல. அதுக்காகப் பூட்டி வெக்கிற வீட்டுக்கா அவளை அனுப்ப முடியும்? நம்ம பொண்ணோட அறையில படுத்துக்கட்டும்.”

அவள் இடக்காகப் பேசியிருந்தால் அவனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவராவது கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

படுத்துக்கொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். “நான் பார்த்தேன் பெரியப்பா. வெளியே பூட்டு தொங்குச்சு. உள்ளே இருந்து தங்கச்சி பேசினா.” சுலபமான வாக்கியங்கள்தான். ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சொல்லி முடித்ததும் பெரியப்பா என்ன கேட்பார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

பூட்டைப் பார்த்த அன்று ராத்திரி, வேலை முடிந்து வருகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். கதவில் கையகலப் பூட்டு. வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பியவனை, “யாரு?” என்று உள்ளிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

“நான்தான் பாப்பா. என்ன, வெளியே பூட்டியிருக்கு?”

“அவர் வேலைக்குப் போயிருக்கார்ணா.”

“சாவி?”

“அவர்கிட்ட.”

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கைவளையல் மரத்தில் உரசுவது கேட்டது.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவன் பிழைப்பு. மூடிய கதவுக்கு முன்னால் நின்று, “பயப்படாதீங்க, வந்துட்டேன், கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்று அவன் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். சத்தம் போட்டு அழுகிற பெண்களிடம், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிற பெரிய மனிதர்களிடம், எல்லோரிடமும் ஒரே குரல். அன்றும் அவன் தோளில் கருவிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டுக்கு ஓர் இரும்புக் கம்பியும் ஒரு திருகலும் போதும்.

“ஏதாவது வேணுமா பாப்பா?” என்று கேட்டான்.

உள்ளே அவள் சிரித்தாள். “என்னத்தைக் கேக்கறது? வாங்கிட்டு வந்தாலும் எது வழியாக் கொடுப்பே? போயிட்டு வாண்ணா. நேரமாச்சு, அண்ணி தேடுவாங்க.”

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை, அவனும் பேசவில்லை. மாப்பிள்ளையை வெளியில் பார்த்தபோது வழக்கம் போலச் சிரித்தான். புருஷன் பெண்டாட்டி விஷயம், நாம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

‘பார்த்தியா? சரி. பார்த்துட்டு நீ என்னடா பண்ணினே?’ பெரியப்பா அதைத்தான் கேட்பார். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தங்கையும் பார்ப்பாள். அவள் அந்தக் கேள்வியை இதுவரை கேட்டதில்லை. அவளுக்கே அது தோன்றவில்லையோ, தோன்றியும் தொண்டையோடு வைத்துக்கொண்டாளோ, அவனுக்குத் தெரியாது. பெரியப்பா வாயிலிருந்து அது விழுந்துவிட்டால் பிறகு அவளாலும் கேட்காமல் இருக்க முடியாது.

படியில் பெரியப்பாவின் இருமல் கேட்டபோது லிஃப்ட்காரன் எழுந்து குளியலறைக்குள் போனான். சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தான். குழாயைத் திறந்தால் சத்தம் கேட்கும் என்று திறக்கவில்லை. பஞ்சைக் காய்ந்தபடியே மடித்து, ரத்தம் நின்று ஆறத் தொடங்கியிருந்த இடத்தில் வைத்து, பல்லைக் கடித்தான்.

*

“என்னடா இது கோலம்?” என்றார் பெரியப்பா, நாற்காலியில் உட்காருவதற்குள். “சம்பந்தப்பட்டவங்க எல்லாம் வாயைத் திறக்கற நேரத்துல நீ வாயை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க!”

தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தார். கூட வந்த மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அக்கறையாக முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தான். “மச்சானுக்கு ஐஸ்கிரீம். பல் எடுத்தா ஜில்லுன்னு சாப்பிடறது நல்லதுன்னு கேள்விப்பட்டேன்.”

வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தங்கை உள்ளேயிருந்து வந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவன் கன்னத்தைத்தான் பார்த்தாள். “திரும்ப ரத்தமாண்ணா?” என்றாள்.

அவன் தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டல் மட்டும் தெளிவாக இருந்தது.

“மத்தியானம் நின்னுடுச்சே,” என்றாள் மனைவி, குழப்பத்தோடு.

“சில பேருக்கு அப்படி ஆகும் அண்ணி. அலைஞ்சிருப்பான், இல்ல குனிஞ்சு ஏதாவது எடுத்திருப்பான்.” தங்கை அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “நீ கடிச்சுக்கோ. விடாதே.”

பேச்சு தொடங்கியது. மாப்பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. அவன் ஒரு பெரிய கட்டடத்தில் காவலாளிகளுக்கு மேல் அதிகாரி. எதையும் நிதானமாகச் சொல்லிப் பழகியவன். “பூட்டு இருக்கு பெரியப்பா. யார் வீட்ல பூட்டு இல்ல? ரெண்டு பேரும் வெளியே போனா பூட்டறோம். இவ ஏதோ பயத்துல, தூக்கக் கலக்கத்துல, பூட்டியிருக்கறதா நினைச்சுக்கறா. ராத்திரி தனியா இருக்கறா, பாவம். நான் வேலையை மாத்திக் கேட்டிருக்கேன்.”

“நினைச்சுக்கறேனா?” என்றாள் தங்கை. “பக்கத்து வீட்ல அடுப்பு தீப்பிடிச்சு மாடிப்படி முழுக்கப் புகை வந்தப்போ எல்லாரும் கீழ ஓடினாங்க. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதையும் நினைச்சுக்கிட்டேனா?”

“கதவைத் தள்ளிப் பார்த்தியாம்மா? சில சமயம் மழைக்கு மரம் உப்பிக்கும்,” என்றார் பெரியப்பா.

“அண்ணன் பார்த்திருக்கான் பெரியப்பா. வெளியே நின்னு பூட்டைப் பார்த்திருக்கான். என்னோட பேசியிருக்கான். அவனைக் கேளுங்க.”

கூடம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையும் திரும்பினான். முதல் முறையாக அவன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அவள் இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

“ஏண்டா, பார்த்தியா?” என்றார் பெரியப்பா.

லிஃப்ட்காரன் விரலால் கன்னத்தைக் காட்டினான்.

“வாயைத் திறக்க வேண்டாம்டா. தலை சும்மாதானே இருக்கு? ஆட்டு. பார்த்தியா, இல்லையா?”

அவன் ஆட்டினான். நம் ஜனங்களுக்கே உரிய ஒரு தலையாட்டல் உண்டு. மேலும் கீழும் இல்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கமும் இல்லை. தோளிலிருந்து தோளுக்குத் தலை தளும்புகிற ஓர் ஆட்டல். சரி என்று வாங்கிக்கொள்கிறவன் சரி என்று வாங்கிக்கொள்ளலாம். பார்க்கலாம் என்றும், எனக்கென்ன தெரியும் என்றும், விடுங்களேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். பெரியப்பா புருவத்தைச் சுருக்கினார்.

“இது ஆமாவா, இல்லையா? ஒரு பேப்பரும் பேனாவும் கொடுங்க அவன்கிட்ட.”

“விடுங்க பெரியப்பா,” என்றான் மாப்பிள்ளை மெதுவாக. “ரத்தம் வர்ற மனுஷனைப் போய்…”

ஆனால் பெரியப்பாவை நிறுத்தியது அவன் இல்லை, தங்கை. அவள் அண்ணன் நெற்றியில் பொடித்திருந்த வேர்வையைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அது அடித்துக்கொண்டிருந்த வேகம் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

“வேண்டாம் பெரியப்பா. இவனை இப்பக் கேக்காதீங்க. ரத்தம் நிக்காதப்போ படபடப்பு ஆகக் கூடாது, இன்னும் அதிகமாகும். நான் தினம் பார்க்கறேன், எனக்குத் தெரியும்.” அவள் எழுந்து நின்றாள். “இன்னொரு நாள் பேசலாம். அவன் சரியாகட்டும்.”

“இன்னொரு நாள் வர்றதுக்கு எனக்கு என்ன சின்ன வயசாம்மா?” என்றார் பெரியப்பா. “மாடிப்படி ஏறி வந்திருக்கேன். மாப்பிள்ளை தன்மையாப் பேசறார். நீ சொல்றதுக்கு வேற சாட்சி இல்ல. பொட்டியை எடு, கிளம்பு. ஏதாவதுன்னா நான் இருக்கேன்.”

மனைவி லிஃப்ட்காரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். காய்ந்த பஞ்சு நாக்கில் ஒட்டியது. இப்போது எடுத்துப் போட்டுவிட்டு, “நில்லுங்க,” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அது வெளியே போக வேண்டிய வழியில் அவனே ஒன்றை அடைத்து வைத்திருந்தான்.

தங்கை பையை எடுத்து வந்தாள். அழவில்லை. வாசலில் நின்று, மறக்காமல் அண்ணியிடம் சொன்னாள்: “தலைக்கு ரெண்டு தலையாணி வெச்சுப் படுக்கச் சொல்லுங்க. ரத்தம் நிக்கலைன்னா எவ்வளவு நேரமானாலும் டாக்டருக்குப் போன் பண்ணுங்க. நம்பர் அவன்கிட்ட இருக்கு.”

அவர்கள் போன பிறகு அவன் பஞ்சை இழுத்தான். அது எளிதில் வரவில்லை; எதையோ பற்றிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தபோது கூடவே கறுப்பாக ஒரு கட்டியும் பெயர்ந்து வந்தது. அப்போது நிஜமாகவே கொஞ்சம் ரத்தம் கசிந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

*

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கும் அடுத்த நாள் வலி வந்தது. பல் இருந்தபோது இருந்த வலியெல்லாம் இதற்கு முன்னால் கொசுக்கடி. காது, நெற்றிப்பொட்டு, கழுத்து என்று ஒரு பக்கம் முழுக்கச் சூடான கம்பியைச் செருகியது போல இருந்தது. மாத்திரை அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. வாய் நாறியது. இல்லாத பல் எப்படி வலிக்கும் என்று மனைவி கேட்டாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த முறை நிஜமாகவே முடியவில்லை.

கிளினிக்கில் கதவைத் திறந்தது தங்கைதான்.

“வாண்ணா. உக்காரு. வலி வந்ததுமே ஏன் போன் பண்ணல?” நாற்காலியைச் சாய்த்து, கழுத்தில் துணியைக் கட்டினாள். அவள் கண்ணுக்குக் கீழே கருமை இறங்கியிருந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள். “பழைய பூட்டு துருப்பிடிச்சிடுச்சாம். புதுசு வாங்கியிருக்கார். இப்ப உள் அறைக்கும் ஒண்ணு.”

“பாப்பா…”

“நீ என்ன பண்ணுவே? ரத்தம் நிக்காதவனை எப்படிப் பேசச் சொல்றது? நான்தான் தப்பான நாளைப் பார்த்துட்டேன். ரெண்டு நாள் முன்னாடி எடுத்திருக்கணும்.” அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. “நீ சரியாகு. பெரியப்பாவை மறுபடி வரவழைச்சுக்கலாம்.”

டாக்டரம்மா உள்ளே வந்து விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தார். பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

“குழி காலியா இருக்கு. உறைஞ்ச ரத்தம்தான் அதுக்கு மூடி. அது போயிடுச்சு, கீழே எலும்பு தெரியுது. அதான் இந்த வலி. துப்பினீங்களா? கொப்பளிச்சீங்களா?”

இல்லை என்று கையை அசைத்தான்.

“இது சரியாயிடும், மருந்து வெச்சு அடைச்சுடலாம். எனக்குக் கவலை வேற. சாயந்தரம் வரைக்கும் உங்களுக்கு ரத்தம் நிக்கலைன்னு உங்க தங்கச்சி சொன்னா. மறுநாள் வந்ததும் முதல் வேலையா அதைத்தான் சொன்னா, பாவம், ஒரே பதட்டம். ரத்தம் உறையறதுல கோளாறு இருந்தா அப்படி ஆகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். ரத்தம் எடுத்து எல்லா டெஸ்ட்டும் பண்ணிடுவோம். ஒரு நாள் அங்கேயே வெச்சுப் பார்த்தாலும் பார்ப்பாங்க.”

“ஆமாண்ணா, பண்ணிடலாம். நான் லீவு போட்டுட்டுக் கூட வர்றேன்,” என்றாள் தங்கை. மருந்து வைக்கும் தட்டை ஏந்தியபடி நின்றிருந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் தலையாட்டிவிட்டால் போதும். ஆனால் ஊசி, ஆஸ்பத்திரிக் கட்டில், இந்தத் தாடையோடு ஒரு முழு நாள். அன்று கூடத்தில் வராத உண்மை, தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள இங்கே உடனே வந்தது.

“ரத்தம் வரல டாக்டர்,” என்றான். “மத்தியானமே நின்னுடுச்சு.”

“நின்னுடுச்சா? அப்புறம் எதுக்குத் திரும்பப் பஞ்சு வெச்சீங்க? காஞ்ச பஞ்சை வெச்சா அது ஒட்டிக்கும், எடுக்கறப்போ எல்லாத்தையும் பேர்த்துக்கிட்டு வந்துடும். அதுதான் நடந்திருக்கு. ரத்தம் இல்லைன்னா பஞ்சு எதுக்குங்க?”

தங்கை தட்டை மேசையில் இறக்கி வைத்தாள். அதில் கோணலாகக் கிடந்த இடுக்கியை நேராக்கினாள்.

டாக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோயாளிகள் எதையாவது செய்துவிட்டு வருவது அவருக்குப் புதிதில்லை. குழியைக் கழுவினார். தங்கை குழாயைப் பிடித்தாள். எச்சில் சேருவதற்கு முன்பே உறிஞ்சினாள், நாக்கை ஒதுக்கினாள், கேட்பதற்கு முன்பே மருந்து தோய்த்த நாடாவை நீட்டினாள். கை பிசகவே இல்லை. மருந்து இறங்க இறங்க வலி, யாரோ சாவியைத் திருகி அடைத்தது போல, சட்டென்று அடங்கியது. லிஃப்ட்காரனுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துவிட அவள் கை வரவில்லை. அவன் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

“இதை மாத்தி மாத்தி வெக்கணும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரட்டும்,” என்று கையுறையைக் கழற்றினார் டாக்டரம்மா. “அண்ணனுக்கு நேரம் குறிச்சுக் கொடுத்துடும்மா.”

தங்கை தட்டை எடுத்துக் கழுவும் இடத்தில் வைத்தாள். அங்கேயே, முதுகைக் காட்டியபடி நின்று சொன்னாள்.

“நான் லீவுல இருக்கற நாளாப் பார்த்துப் போட்டுடறேன் டாக்டர்.”